வண்டியின் வயதைக் கேட்காதீர்கள், பிரேக்கைப் பாருங்கள்

தென்காசி வட்டாரத்தில் இன்று யாரிடம் கேட்டாலும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். பதினைந்து வருஷம் ஓடிய காரைக் கொடுத்துவிடு. அதற்குச் செலவழிப்பது வீண். அதிலும் வீட்டு வாசலில் நீயே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்காருவது வீண் மட்டுமல்ல, ஆபத்து. டீக்கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். குத்துக்கல்வலசையில் என் வீட்டு முன்னால் நிற்கும் மாருதி 800-ஐப் பார்த்ததும், "அண்ணாச்சி, இதை இன்னுமா வச்சிருக்கிய?" என்று கேட்காமல் உள்ளே வருகிறவர்கள் குறைவு.

இந்தக் கருத்தை அதன் வலுவான வடிவத்திலேயே முதலில் வைத்துவிடுகிறேன். பழைய கார் புதிய காரைவிட அதிகம் புகை விடுகிறது. அதில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, மோதினால் உள்ளிருப்பவர் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. உதிரிபாகம் கிடைப்பது நாளுக்கு நாள் கடினம். அரசே பழைய வண்டிகளைக் கழிக்கச் சொல்லித் திட்டம் போட்டிருக்கிறது. வீட்டில் வேலை பார்ப்பவருக்குப் பயிற்சி இல்லை. அவர் செய்யும் தவறுக்கு அவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் விலை கொடுக்க வேண்டும். ஆகவே பொறுப்புள்ள குடிமகன் பழையதைக் கழித்துப் புதியதை வாங்கி, கம்பெனி சர்வீஸில் மட்டுமே விட வேண்டும்.

சொல்கிறவர்கள் முட்டாள்கள் அல்ல. பாதிக்குமேல் அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்கவில்லை.

1. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுப் பதிவு தருகிறது. அது முடிந்ததும் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகனக் கழிவுத் திட்டத்துக்கு வைத்த பெயரிலேயே 'தன்னார்வ' என்ற சொல் இருக்கிறது. கழித்தால் சலுகை உண்டு: வாங்கும் புதிய சொந்தக் காருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. கழிக்காவிட்டால் செலவு கூடும்: 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது. கட்டணம் கசக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் வேறு, தடை வேறு.

பின் எங்கிருந்து வந்தது இந்தப் பயம்? இரண்டு செய்திகள் நம் ஊரில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று, 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகும் என்ற அறிவிப்பு. அது அரசு வண்டிகளுக்கு. இன்னொன்று டெல்லி. அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-இல் போட்ட உத்தரவுகளின்படி 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் தடை வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 அன்று அப்படிப்பட்ட வண்டிகளுக்கு டெல்லி பெட்ரோல் பங்குகளில் எரிபொருளே கிடையாது என்று தொடங்கினார்கள். மக்கள் கொதித்ததில் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. டெல்லிக்கு எழுதிய அந்த மருந்துச் சீட்டை டிஎன் 76 நம்பர் பலகையோடு செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் ஓடும் வண்டிக்கு நீட்டுவது என்ன நியாயம்?

இந்தக் குழப்பத்துக்கு விளைவும் உண்டு. பயந்துபோனவர் நல்ல வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். அது உடைபடுவதில்லை. புரோக்கர் கைமாறி, ஆயில் மாற்றக் கையில் காசில்லாத ஒருவரிடம் போய் அதே சாலையில் ஓடுகிறது. பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர் கையிலிருந்து பிடுங்கி, பார்க்க முடியாதவர் கையில் கொடுத்ததுதான் மிச்சம்.

2. புகையை வயது முடிவு செய்வதில்லை.

பாதி உண்மையை ஒத்துக்கொள்கிறேன். கார்புரேட்டர் வைத்து, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாமல் வந்த வண்டி, 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வண்டியளவு சுத்தமாக ஒருநாளும் ஓடாது. சட்டத்துக்கும் அது தெரியும். அதனால்தான் பிஎஸ்-2 விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை என்றும், அதற்குப் பிந்தையதற்கு 0.5 சதவீதம் என்றும், பிஎஸ்-4 முதல் 0.3 சதவீதம் என்றும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். ஒன்றின் ஏர் ஃபில்டரில் நம் ஊர்ச் செம்மண் அப்பியிருக்கும், காற்று போதாமல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து ஸ்பார்க் பிளக் கரிக்கட்டையாகக் கறுத்திருக்கும். இன்னொன்றின் பிளக்கைக் கழற்றினால் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்கும். இரண்டு ஆர்சி புத்தகத்திலும் ஒரே ஆண்டுதான். புகை ஒன்றல்ல. வித்தியாசத்தைச் செய்தது ஃபில்டர், பிளக், கார்புரேட்டரின் மிக்சர் ஸ்குரூ. மூன்றும் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடியும் வேலை.

அடுத்து, கழித்துப் புதிது வாங்கினால் காற்றில் கார்பன் குறையும் என்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். தென்காசிச் சந்தை, இலஞ்சி, குற்றாலம், எப்போதாவது திருநெல்வேலி என்று வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 222 லிட்டர், அதாவது 511 கிலோ. 22 கொடுக்கும் புதிய கார் வாங்கினால் 418 கிலோ. மிச்சம் வருஷத்துக்கு 93 கிலோ. ஆனால் அந்தப் புதிய சிறிய காரைச் செய்து முடிப்பதற்குள் சுமார் 5 டன் வெளியேறியிருக்கும். ஒரு டன் எஃகு உருக்குவதற்கே 2 டன்னை ஒட்டி வருகிறது. அந்த 5 டன்னை வருஷம் 93 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க 50 வருஷம் தாண்டும்.

தினமும் நகர நெரிசலில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் மாற்றட்டும், நானே சொல்வேன். நெரிசலில் நிற்கும்போது மூச்சில் ஏறும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வேறு கணக்கு. ஆனால் நம் பக்கத்துப் பழைய கார்களில் பெரும்பாலானவை எப்போதாவது வெளியே வருகிறவை. அவற்றின் சொந்தக்காரர்களைப் பார்த்து நீங்கள்தான் பூமியைக் கெடுக்கிறீர்கள் என்று விரல் நீட்டுவது பச்சைப் பொய்.

3. எந்தப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இதுதான் அவர்களுடைய வலுவான வாதம். அதனால் நின்று பேசுகிறேன்.

ஏர்பேக்கை வீட்டில் மாட்ட முடியாது. மோதலைத் தாங்கும்படி உடல்கூட்டை மாற்றவும் முடியாது. நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு அடிக்கடி போகிறவர் புதிய வண்டி வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் வயதுதான் பாதுகாப்பின் அளவுகோல் என்றால் 2014 ஜனவரியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு அப்போது ஷோரூமில் விற்றுக்கொண்டிருந்த ஐந்து இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது. ஐந்தும் பூஜ்ய நட்சத்திரம். ஓட்டுநருக்கு ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். ஆக, அந்தக் காலத்தில் புத்தம் புதிதாக வாங்கி, இன்றைக்கும் 'புதுசு' என்று நாம் நினைக்கும் வண்டிகளில் எத்தனையோ, பழைய 800-ஐவிடப் பாதுகாப்பானவை என்று சொல்ல முடியாதவை. அவற்றை யாரும் கழிக்கச் சொல்வதில்லை, 15 வயது ஆகவில்லையே!

மோதிய பின்பு காப்பாற்றுவது ஒன்று. மோதாமலே நிற்பது இன்னொன்று. இரண்டாவதுதான் வண்டி வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. நம் ஊரில் அது எங்கே சோதிக்கப்படுகிறது தெரியுமா? புளியரை எஸ் வளைவிலும் ஆரியங்காவு இறக்கத்திலும்.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். புது டாட் 3 திரவம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அதே தரத்தின்படி 140 டிகிரி தாங்கினாலே போதும். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை சாரல் நிற்காத ஊரில், டப்பா மூடி சரியாக இல்லாத வண்டியில், ஈரம் ஏறாமல் எங்கே போகும்? இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் பக்கத்தில் சூடு ஏறுகிறது, திரவம் கொதித்துக் குமிழி விடுகிறது. குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் அப்படியே தரைவரை போய்விடும். அந்த நேரத்தில் வண்டி 2009-ஆ 2019-ஆ என்று மலை கேட்பதில்லை.

இதைத் தவிர்க்கத் தேவையானவை ஒரு பாட்டில் திரவம், உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு ரிங் ஸ்பேனர், பெடலை மிதிக்க வீட்டில் ஓர் ஆள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். அந்தச் சக்கரத்து பிரேக்கின் நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள் அமிழ்த்தி வைக்கிறோம். 'மிதி' என்றதும் மிதிக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் தேயிலைச் சாயம்போலக் கறுப்பாக வரும். மூடிய பிறகுதான் 'விடு'. முந்தி விட்டால் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே, குழாயில் வெளிர்மஞ்சளாக, குமிழியே இல்லாமல் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் செய்ய வேண்டும். டாட் 3-க்குப் பதில் டாட் 4 ஊற்றினால் புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறினாலும் 155 டிகிரி. இரண்டும் ஒரே கிளைகால் குடும்பம், சண்டை போடாது. இதுதான் நான் சொல்லும் மேம்பாடு. பின்னால் ஸ்பாய்லர் ஒட்டுவதல்ல. பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்டை உரித்துவிடும்.

ஹெட்லைட் இன்னொன்று. பழைய வண்டியில் வெளிச்சம் மங்கலாக இருந்தால் நூறு வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். எதிரே வருகிறவர் கண் குருடாகிறது, உள்ளே சுவிட்ச் உருகுகிறது. கோளாறு பல்பில் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் மெல்லிய வயரில் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து திரும்பி முன்னால் வருவதற்குள் வோல்ட் விழுந்துவிடுகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். இரண்டு ரிலே, ஃபியூஸ் வைத்த தடித்த வயர், உறுதியான எர்த். பேட்டரியிலிருந்து பல்புக்கு நேர்வழி. பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் இயக்கும். பல்பு அதே 60/55 வாட்தான். சட்டத்தையும் மீறவில்லை, எதிரே வருகிறவருக்கும் தொல்லை இல்லை, மழை ராத்திரியில் சாலையோரம் நடந்து போகிறவர் கண்ணில் தெரிகிறார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். ஐந்து வருஷமாகத் தன் 'புது' காரில் ஊர் சுற்றும் ஒருவரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாது. வீட்டில் வேலை பார்க்கிறவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் சக்கரத்தைக் கழற்றியவர். பழைய காரில் பின்சீட்டுக்குப் பெல்ட் இல்லாவிட்டால் அதற்கான போல்ட் துளை உடலிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து மாட்டுகிறவரும் அவர்தான்.

4. பழையதற்குச் செலவு வீண் என்பது கணக்குத் தெரியாத பேச்சு.

5 லட்சம் ரூபாய் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருஷம். மாதத் தவணை சுமார் 8,170 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 1.86 லட்சம். அதற்குமேல் வாங்கிய நாளிலிருந்து விலை இறங்குகிறது. மூன்று மாதத் தவணைக்குள் ஒரு 800-க்கு நான்கு 12 அங்குல டயர், ஒரு பேட்டரி, பிரேக் வேலை, பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ் எல்லாம் அடங்கிவிடும். அவை ஒவ்வொரு வருஷமும் வருவதில்லை. 1,000 சிசிக்குக் கீழ் உள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் பழையதோ புதியதோ 2,094 ரூபாய் என்று 2022-இல் வைத்தார்கள். அதில் வயதுக்கு அபராதம் கிடையாது.

'வண்டி மதிப்பைவிடச் செலவு அதிகமாகிவிட்டால் நிறுத்திவிட வேண்டும்' என்று ஒரு விதி சொல்வார்கள். தப்பான விதி. சந்தையில் 40,000-க்கு விலைபோகும் வண்டிக்கு 45,000 செலவழித்தால் என் கையில் இருப்பது நம்பிக்கையாக ஓடும் ஒரு வண்டி. அந்த 45,000-க்கு அதே நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது? ஒப்பிட வேண்டியது விற்கும் விலையோடு அல்ல, மாற்று வண்டியின் விலையோடு.

நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. அது துரு. மிதியடியைத் தூக்கிப் பார்த்துத் தளத்தகடு ஸ்குரூடிரைவர் குத்தினால் ஓட்டை விழுகிற நிலையில் இருந்தால், சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களில் தகடு பொரிந்திருந்தால், அதோடு விட்டுவிட வேண்டும். அந்த வண்டி 12 வயதானாலும் சரி. சாரல் ஊரில் கதவுகள் துருப்பிடிக்காமல் தடுப்பது பெரும்பாலும் கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்ன வடிகால் துளைகள். இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். கதவுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். வருஷத்துக்கு இரண்டு முறை, சாரலுக்கு முன்பும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும், ஒரு கம்பியை விட்டுத் துளையைக் குத்திவிட்டால் போதும். இதை எந்த பில்லிலும் நான் பார்த்ததில்லை.

5. 'அது மெக்கானிக் பார்க்கும் வேலை' என்பதற்குள் ஓர் இளக்காரம் ஒளிந்திருக்கிறது.

படித்தவன் கையில் கிரீஸ் ஒட்டக்கூடாது என்ற எண்ணம் அது. இந்த வட்டாரத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கச் சொன்னால் அப்பா முகத்தைப் பார்க்கிறார்கள். ஐடிஐயில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்த பையன் அதே அப்பா கண்ணுக்கு ஒரு படி கீழே. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கியவர் பிறகு எவ்வளவு பெரிய போக்குவரத்து நிறுவனத்தைக் கட்டினார் என்பது தமிழ்நாடு அறிந்த கதை. பிரித்துப் பார்ப்பதைப் பயிற்சி இல்லாதவன் செய்யும் விபரீதம் என்று அன்றைக்கே யாராவது அவர் கையைத் தட்டியிருந்தால்?

கம்பெனி சர்வீஸ்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் பார்ப்போம். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரிபாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல், வெளி மெக்கானிக்குகளின் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் ஆணையம் கண்டறிந்து சொன்னது அதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவல் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். இங்கே நுகர்வோர் துறை 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளமும் திறந்தது. வீட்டில் செய்ய முடியாது என்று நமக்குச் சொல்கிறவர்களுக்கு, நாம் செய்யாமலிருப்பதில் லாபம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஆலோசனை கேட்கக்கூடாது.

நீ வீட்டில் செய்தால் ஊர் மெக்கானிக் பிழைப்பு என்னாவது என்று மடக்குகிறார்கள். தலைகீழாகப் பார்க்கிறார்கள். ஆயிலையும் பிளக்கையும் நான் மாற்றினாலும் சிலிண்டர் ஹெட்டைப் பாலிஷ் பிடிக்க லேத் பட்டறைக்குத்தான் போகிறேன். ரேடியேட்டர் ஈயம் வைக்க, பிரேக் டிரம் கடைய, டிங்கரிங் பார்க்க நம் ஊர் ஆட்களிடம்தான் போகிறேன். வண்டியைத் தெரிந்து போவதால் பேச்சு சுருக்கமாக முடிகிறது, காசும் நியாயமாகக் கைமாறுகிறது. அந்தப் பட்டறைகளை மூட வைப்பது என்னுடைய ஸ்பேனர் அல்ல. கார்களைக் கழிக்கச் சொல்லும் பேச்சுதான்.

6. எரிபொருளை மாற்றியவர்கள் யார்?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2030-க்கு என்று வைத்த இலக்கு. 2025-லேயே எட்டிவிட்டோம் என்று அரசு பெருமையோடு சொல்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த பெரும்பாலான வண்டிகள் அதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்திருந்தது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து வெடிக்க வைக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். வளைவில் நுணுக்கமாக மயிர்க்கோடு தெரிந்தால் அது அடுத்த மாதம் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைச் சொட்டப்போகிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, கிளாம்ப்பும் புதிதாகப் போட்டு, ஃபில்டரையும், கார்புரேட்டர் உள்ள வண்டியில் அதன் சீலையும் மாற்றுவது இன்றைய தேதியில் ஒவ்வொரு பழைய காருக்கும் செய்தே ஆக வேண்டிய மேம்பாடு. டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது.

ஒரு கையால் எரிபொருளை மாற்றிவிட்டு, மறு கையால் அந்த எரிபொருளுக்கேற்ப வண்டியைச் சரிசெய்கிறவரைப் பழமைவாதி என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை.

7. எல்லை உண்டு. அதை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவருக்கு என் ஆதரவு கிடையாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. செங்கல்லும் ஹாலோபிளாக்கும் ஸ்டாண்டு அல்ல, பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கைக் கழற்றாதீர்கள். ஏசி வாயு, கேஸ் கிட், சேசிஸ் வெல்டிங், இவை உரிமமும் கருவியும் உள்ளவர்களிடம் போக வேண்டும். சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்டிஓ அனுமதி, ஆர்சியில் பதிவு. அகல டயர், சைலன்சரை அறுத்துச் சத்தம் ஏற்றுவது, கண்ணைப் பறிக்கும் எல்இடி, இவற்றை மேம்பாடு என்று சொல்லிக்கொள்பவர்கள்தான் எங்கள் எல்லோரையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறார்கள். குற்றாலச் சீசனில் ஐந்தருவிச் சாலையில் அலறிக்கொண்டு போகும் அந்த வண்டிகளைப் பிடித்து அபராதம் போட்டால் நான் கைதட்டுவேன்.

எங்களுக்குச் சலுகை வேண்டாம். சோதனை வேண்டும். பிரேக்கை ரோலரில் ஏற்றி எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணில் எழுதுங்கள். லைட்டின் வீச்சை அளந்து எழுதுங்கள். புகைக்குழாய்க்குள் கருவியை வைக்காமல் கொடுக்கப்படும் புகைச் சான்றிதழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது. தளத்தைத் தட்டிப் பாருங்கள். தவறினால் அன்றைக்கே நிறுத்துங்கள், என்னுடையதானாலும். தேறினால் 5,000, 10,000 என்று வயதுக்குத் தண்டம் வாங்காமல், சோதனைக்கு ஆன செலவை மட்டும் வாங்குங்கள். இதே சோதனையை எட்டு வயதுக் காருக்கும் வையுங்கள். எத்தனை தேறுகிறது என்று பார்ப்போம்.

நேரம் அதிகமில்லை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 25 லட்சத்துக்கு மேல் செய்து விற்ற கார் அது. அந்த வரிசையில் கடைசியாக வந்த வண்டிகளுக்கு 2029-இல் 15 வயது முடிகிறது. தென்காசி ஆர்டிஓ அலுவலகத்துக்கு அவற்றின் சொந்தக்காரர்கள் ஆர்சி புத்தகத்தோடு வரும்போது, அங்கே பிறந்த தேதியைக் கூட்டிப் பார்க்கும் ஒரு குமாஸ்தா மட்டும் உட்கார்ந்திருக்கக்கூடாது. பிரேக் ரோலர் ஒன்று வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்கான மனுவை இப்போதே கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் வாங்குகிறார்கள்.